தங்கப் பதக்கம் முதல் தூக்குக் கயிறு வரை... யார் இந்த மருதநாயகம்?

மருதநாயகம் என்றதும் பலருக்கும் ஞாபகம் வருவது கமல்ஹாசன் படம்தான். 1997-இல் இங்கிலாந்து ராணி இரண்டாம் எலிசபெத் முன்னிலையில் சென்னையில் தொடங்கிய அந்தப் படம் முடியாமலேயே நின்றுபோனது. ஆனா, அந்தப் பெயருக்குச் சொந்தக்காரரின் கதை 1764 அக்டோபர் 15-ஆம் தேதியே முடிஞ்சுபோச்சு. மதுரைக்கு மேற்கே, ஆற்காடு நவாபின் முகாமில் அவர் தூக்கிலிடப்பட்டார்.

அவரை ஓராண்டுக்கும் மேலாகத் துரத்தி வளைத்தது எந்தப் படை தெரியுமா? அவரை சிப்பாய்களின் தலைவராக உயர்த்தி, தங்கப் பதக்கம் கொடுத்துக் கௌரவித்த அதே கிழக்கிந்தியக் கம்பெனியின் படைதான். பத்தே வருஷத்தில் இப்படித் தலைகீழாக மாற என்ன காரணம்? அவர் வீரரா, துரோகியா என்ற சண்டை இன்னும் ஓயாமல் இருப்பது ஏன்? அவருடைய ராணுவ வாழ்க்கையை வரிசையாகப் பார்த்தால் விடை கிடைக்கும்.

பனையூர்ப் பையன்

ராமநாதபுரம் சீமையைச் சேர்ந்த பனையூர்தான் சொந்த ஊர். 1725-ஐ ஒட்டிப் பிறந்தவர் என்று கணக்கிடுகிறார்கள். வேளாளர் குடும்பத்தில் மருதநாயகமாகப் பிறந்து, பின்னால் இஸ்லாத்தைத் தழுவி முகமது யூசுப் கான் ஆனார் என்பது பரவலாகச் சொல்லப்படும் வரலாறு. மக்கள் வாயில் அவர் கான் சாகிப். இன்னும் நெருக்கமாக, கும்மந்தான் கான் சாகிப். கமாண்டன்ட் என்ற ராணுவப் பதவிதான் தென்பாண்டி நாட்டுப் பேச்சில் கும்மந்தான் ஆனது.

இளம் வயதில் ஊரைவிட்டு வெளியேறி புதுச்சேரி, தஞ்சாவூர், நெல்லூர் என்று பல இடங்களில் வேலை பார்த்ததாகக் கதைகள் உண்டு. உறுதியாகத் தெரிவது, 1750-களின் தொடக்கத்தில் ராபர்ட் கிளைவின் படையோடு ஒரு சிப்பாய்க் கூட்டத்தின் தலைவராக அவர் இருந்தார் என்பதுதான். அங்கிருந்துதான் ஆவணங்களில் யூசுப் கான் என்ற பெயர் அடிக்கடி தென்பட ஆரம்பிக்கிறது.

யாருக்கும் யாருக்கும் சண்டை?

அப்போதைய அரசியலைக் கொஞ்சம் புரிஞ்சுக்கணும். 1749-இல் ஆம்பூர் போரில் ஆற்காடு நவாப் அன்வருதீன் கொல்லப்பட்டார். பதவிக்கு இரண்டு பேர் போட்டி. ஒருபக்கம் சந்தா சாகிப், அவருக்குப் பின்னால் பிரெஞ்சுக்காரர்கள். இன்னொருபக்கம் அன்வருதீனின் மகன் முகமது அலி, அவருக்குப் பின்னால் ஆங்கிலேயர்கள். முகமது அலி கைவசம் உருப்படியாக மிஞ்சியது திருச்சிக் கோட்டை மட்டும்தான்.

1751-இல் கிளைவ் ஆற்காட்டைப் பிடித்தார். 1752-இல் காவேரிப்பாக்கத்தில் வென்றார். அதே ஆண்டு சந்தா சாகிப் பிடிபட்டுத் தலை வெட்டப்பட்டார். ஆனாலும் சண்டை முடியல. மைசூர் படையும் பிரெஞ்சுப் படையும் திருச்சியைச் சுற்றி நின்றன. 1753, 1754 என்று இரண்டு ஆண்டுகள் அந்த இழுபறி நீடித்தது.

இந்த இடத்தில்தான் யூசுப் கான் தவிர்க்க முடியாதவர் ஆனார். முற்றுகைக்குள் இருக்கும் ஒரு கோட்டைக்குப் பீரங்கியைவிட முக்கியம் அரிசி. தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்தும் புதுக்கோட்டைத் தொண்டைமான் நாட்டுப் பக்கத்திலிருந்தும் மாட்டு வண்டிகளிலும் பொதி மாடுகளிலும் தானியம் வரணும். வழியெல்லாம் எதிரிக் குதிரைப்படை. எந்தப் பாதையில் போகலாம், எந்த ஊரில் யாரை நம்பலாம், இரவில் எவ்வளவு தூரம் நடக்கலாம் என்பதெல்லாம் லண்டனிலிருந்து வந்த அதிகாரிகளுக்குத் தெரியாது. யூசுப் கானுக்குத் தெரியும். ஊர்க்காரர்களோடு பேசிச் செய்தி திரட்டவும் அவரால் முடியும். தானிய வண்டிகளுக்குக் காவலாகப் போவது, எதிரியின் நடமாட்டத்தை வேவு பார்ப்பது, திடீரென்று பாய்ந்து அடித்துவிட்டு மறைவது எல்லாம் அவர் பொறுப்பு. தளபதி ஸ்ட்ரிங்கர் லாரன்ஸ் அவரை வெகுவாக நம்பினார்.

துபாஷின் சதி

நம்பிக்கை வளர்ந்தால் பொறாமையும் வளரும், இல்லையா? 1754-இல் ஒரு கடிதம் சிக்கியது. திருச்சியை மைசூருக்குக் காட்டிக்கொடுக்க யூசுப் கான் ஒப்புக்கொண்டுவிட்டார் என்பதுபோல எழுதப்பட்ட கடிதம். போர்க்காலத்தில் இப்படி ஒரு கடிதம் போதும், ஒருத்தர் கதையை முடிக்க.

ஆனால் விசாரணையில் உண்மை வெளியே வந்தது. அந்தக் கடிதத்தை ஜோடித்ததில் லாரன்ஸின் சொந்த மொழிபெயர்ப்பாளரான துபாஷ் பொன்னியப்பனுக்கே பங்கு இருந்தது. ஆங்கிலேயர்களுக்கும் உள்ளூர்க்காரர்களுக்கும் நடுவே நின்று, இரண்டு பக்கத்துக்கும் சேதி சொல்பவர் அவர். யூசுப் கான் மாதிரி ஒருத்தர் நேராகத் தளபதியிடம் பேசும் நிலைக்கு வந்தால், நடுவில் இருப்பவருக்கு என்ன மதிப்பு? பொன்னியப்பன் பீரங்கி வாயில் கட்டிச் சுடப்பட்டார். யூசுப் கான் மேல் இருந்த பழி நீங்கியது.

அதன்பிறகு அவர் ஏறுமுகம்தான். கம்பெனியின் சிப்பாய்கள் அனைவருக்கும் கமாண்டன்ட் பதவி வந்தது. சென்னைக் கவர்னரும் ஆலோசனை சபையும் அவருடைய வீரத்தையும் சேவையையும் பாராட்டி வாசகம் பொறித்த தங்கப் பதக்கத்தை வழங்கினார்கள். இந்தப் பதக்கத்தின் கனம் புரியணும்னா ஒரு விஷயம் சொல்லலாம். பிரிட்டிஷ் ராணுவத்தில் இந்தியர்களுக்கு மன்னரின் கமிஷன் பதவி கதவு திறந்தது 1917-இல்தான். ஒரு இந்தியர், கே.எம்.கரியப்பா, பட்டாலியன் ஒன்றுக்குத் தலைமை ஏற்றது 1942-இல்.

தெற்கே போன படை

1755-இல் கர்னல் ஹெரான் தலைமையில் ஒரு படை மதுரைக்கும் திருநெல்வேலிக்கும் கிளம்பியது. நவாபுக்குக் கட்ட வேண்டிய கப்பத்தைப் பாளையக்காரர்களிடம் வசூலிப்பதுதான் நோக்கம். யூசுப் கானும் கூடப் போனார். நெற்கட்டும்செவலில் பூலித்தேவரின் கோட்டைக்கு முன்னால் ஹெரானின் முயற்சி பலிக்கவில்லை. போன வழியில் கோயில் கொள்ளை, லஞ்சம் என்று பெயரைக் கெடுத்துக்கொண்டு திரும்பிய ஹெரான், ராணுவ விசாரணைக்குப் பிறகு வேலையிலிருந்து நீக்கப்பட்டார்.

1756-இல் யூசுப் கானே தெற்கே அனுப்பப்பட்டார். பூலித்தேவர், அவரோடு கைகோத்த நவாபின் அண்ணன் மாபூஸ் கான் என்று எதிரிகள் பலர். மதுரைக் கோட்டையை மீட்க 1757-இல் கேப்டன் கயோவும் யூசுப் கானும் சேர்ந்து முயன்றார்கள். நேரடித் தாக்குதலில் முடியவில்லை. கடைசியில் உள்ளே இருந்தவர்களுக்குப் பணம் கொடுத்துத்தான் கோட்டையை வாங்கினார்கள். மதுரையை பீரங்கியால் உடைப்பதைவிட உள்ளிருப்பவரை விலைக்கு வாங்குவது சுலபம். இந்தப் பாடம் ஏழு வருஷம் கழித்து யூசுப் கானுக்கு எதிராகவே திரும்பும்.

இங்கே ஒன்றை மறைக்கக் கூடாது. பாளையக்காரர்கள் மேலும் கள்ளர் நாட்டு மக்கள் மேலும் அவர் எடுத்த நடவடிக்கைகள் கொடூரமானவை. ஊர்கள் எரிந்தன. பிடிபட்டவர்கள் கொல்லப்பட்டார்கள். 1761-இல் நெற்கட்டும்செவலும் வாசுதேவநல்லூரும் விழுந்ததும், பூலித்தேவரின் அரசியல் முடிவுக்கு வந்ததும் யூசுப் கான் கையால்தான். இன்று தமிழ்நாடு விடுதலைப் போரின் முன்னோடியாகக் கொண்டாடும் பூலித்தேவரை வீழ்த்தியவர் இவர். அதனாலதான் இவரை அதே பட்டியலில் சேர்க்கலாமா என்ற கேள்வி வரும்போதெல்லாம் விவாதம் சூடாகிறது.

பாலாற்றங்கரையில் ஒரு போர்

யூசுப் கானின் ராணுவத் திறமை உச்சத்தில் வெளிப்பட்டது மதுரையில் இல்லை. நம்ம காஞ்சிபுரம், செங்கல்பட்டு பக்கத்தில்தான்.

ஐரோப்பாவில் பிரஷ்யாவும் ஆஸ்திரியாவும் மோதிய ஏழாண்டுப் போர் அப்போது இந்தியாவுக்கும் பரவியிருந்தது. 1758 டிசம்பரில் பிரெஞ்சுத் தளபதி லாலி சென்னையை முற்றுகையிட்டார். கோட்டைக்குள் கவர்னர் பிகாட்டும் லாரன்ஸும் அடைபட்டிருந்தார்கள். தெற்கிலிருந்து சுமார் 2,000 சிப்பாய்களோடு கிளம்பி வரும்படி யூசுப் கானுக்கு உத்தரவு போனது.

வரைபடத்தைப் பார்த்தால் விஷயம் விளங்கும். லாலியின் உணவும் வெடிமருந்தும் புதுச்சேரியிலிருந்து வரணும். வழியில் பாலாறு. பாலாறு, செய்யாறு, வேகவதி மூன்றும் கூடும் திருமுக்கூடலிலிருந்து ஆற்றோட்டமாகக் கிழக்கே போனால் செங்கல்பட்டுக் கோட்டை. அந்தக் கோட்டையைப் பிடிக்காமலேயே லாலி சென்னைக்குப் போய்விட்டார். அவர் செய்த பெரிய தவறு அதுதான் என்பது ராணுவ வரலாறு எழுதியவர்களின் கணிப்பு.

செங்கல்பட்டில் கேப்டன் பிரெஸ்டன் இருந்தார். யூசுப் கான் வந்து அவரோடு சேர்ந்தார். அதன்பிறகு லாலியின் படைக்கு முன்னால் கோட்டை மதில், முதுகில் யூசுப் கான். வண்டிகள் மறிக்கப்பட்டன. மாடுகள் ஓட்டிச் செல்லப்பட்டன. துரத்த ஒரு படையை அனுப்பினால் இவர்கள் பின்வாங்கிவிடுவார்கள். அந்தப் படை திரும்பினால் மறுபடி வருவார்கள். திருச்சியில் தானிய வண்டிகளைக் காப்பாற்றிக் கற்ற வித்தையை இங்கே தலைகீழாகப் போட்டார். அங்கே காவல், இங்கே மறியல். அவ்ளோதான் வித்தியாசம்.

1759 பிப்ரவரி 9-ஆம் தேதி பரங்கிமலை அருகே பெரிய மோதல் நடந்தது. மேஜராக உயர்ந்திருந்த கயோ, பிரெஸ்டன், யூசுப் கான் எல்லோரும் ஒரே அணியில். நாள் முழுக்க நடந்த சண்டையில் பிரெஞ்சுப் படையால் அவர்களை அகற்ற முடியவில்லை. 16-ஆம் தேதி ஆங்கிலக் கப்பல்கள் சென்னைக் கடலில் தெரிந்தன. மறுநாளே லாலி முற்றுகையைக் கைவிட்டுக் காஞ்சிபுரம் திசையில் பின்வாங்கினார். ஏப்ரலில் காஞ்சிபுரமும் ஆங்கிலேயர் கைக்கு வந்தது.

1760-இல் வந்தவாசியில் பிரெஞ்சுப் படை தோற்றது. 1761-இல் புதுச்சேரி விழுந்தது. பிரான்சுக்குத் திரும்பிய லாலிக்கு, தேசத் துரோகக் குற்றம் சாட்டி அவருடைய அரசே 1766-இல் மரண தண்டனை கொடுத்தது.

கவர்னர் கான் சாகிப்

1759-இல் தெற்கே திரும்பிய யூசுப் கான், மதுரை, திருநெல்வேலி சீமைகளின் நிர்வாகி ஆனார். குறிப்பிட்ட தொகையை ஆண்டுதோறும் கட்டணும், வசூலும் காவலும் அவர் பொறுப்பு. வழிப்பறி அடங்கியது, ஏரி குளங்கள் பழுது பார்க்கப்பட்டன, கோயில்களுக்கு நின்றுபோன வருமானம் திரும்பக் கிடைத்தது என்று அவர் ஆட்சியைப் பற்றிச் சொல்வார்கள். பின்னாளில் தெற்கே படை நடத்திய கர்னல் ஃபுல்லார்ட்டன் மாதிரியான ஆங்கிலேயர்களே அவருடைய நிர்வாகத்தைப் புகழ்ந்து எழுதினார்கள். போர்த்துகீசிய வம்சாவளியைச் சேர்ந்த மாசா என்ற கிறிஸ்தவப் பெண்ணை அவர் மணந்திருந்தார். ஒரு மகனும் பிறந்தான்.

அப்புறம் என்னதான் பிரச்சினை?

அவர் யாருடைய ஆள் என்பதுதான் பிரச்சினை. சம்பளமும் பதவியும் தந்தது கம்பெனி. ஆனா நாடு சட்டப்படி நவாப் முகமது அலியுடையது. பிரெஞ்சுக்காரர்கள் இருந்தவரை இந்த முரண்பாட்டை யாரும் பெரிசு பண்ணல. எதிரி இருக்கும்போது யூசுப் கான் மாதிரி ஒருத்தர் தேவை. எதிரி போனதும் கணக்கு மாறியது. போர்ச் செலவு என்ற பெயரில் நவாப் கம்பெனிக்குப் பெரும் கடன்பட்டிருந்தார். அந்தக் கடன் திரும்பி வரணும்னா, நவாபின் கையில் வரி வரும் நாடு இருக்கணும். 1763-இல் கையெழுத்தான பாரிஸ் உடன்படிக்கை முகமது அலியைக் கர்நாடக நவாபாக அங்கீகரித்தது.

நவாபுக்கோ, தனக்குக் கீழே தன்னைவிடத் திறமையான ஒரு படைத்தலைவன் தனிப் படையோடு மதுரையில் உட்கார்ந்திருப்பது பயம். கப்பத்தை நேராகக் கம்பெனிக்கே கட்டுகிறேன் என்ற யூசுப் கானின் யோசனை எடுபடவில்லை. நவாபின் ஊழியராக இரு என்பதே சென்னையின் பதில். சென்னைக்கு வரச்சொல்லி அழைப்பு வந்தது. அவர் போகவில்லை. ஆட்களைச் சேர்த்தார், கோட்டையைப் பலப்படுத்தினார், மார்ச்சண்ட் என்ற அதிகாரியின் தலைமையில் பிரெஞ்சு வீரர்களைத் தன்னோடு சேர்த்துக்கொண்டார். 1763-இல் மதுரைக் கோட்டையில் பிரெஞ்சுக் கொடி ஏறியது.

மதுரை முற்றுகை

1763-இல் கர்னல் மான்சன் தலைமையில் கம்பெனி, நவாப் படைகள் மதுரையைச் சூழ்ந்தன. இன்றைக்கு வெளி வீதிகள் இருக்கும் இடத்தைச் சுற்றித்தான் அன்றைய கோட்டை மதிலும் அகழியும். ஐரோப்பியப் போர்முறையை உள்ளும் புறமும் தெரிந்த ஒருத்தர் உள்ளே இருந்ததால் முற்றுகை பலிக்கவில்லை. மழைக்காலம் வந்ததும் மான்சன் விலக வேண்டியதாயிற்று.

அடுத்த ஆண்டு மேஜர் சார்லஸ் காம்ப்பெல் வந்தார். 1764 ஜூன் 26-ஆம் தேதி மதிலில் உடைப்பு ஏற்படுத்தி நேரடித் தாக்குதல் நடத்தினார்கள். யூசுப் கானின் வீரர்கள் அதையும் முறியடித்தார்கள். அந்தத் தாக்குதலில் படுகாயமடைந்து இறந்தவர் மேஜர் பிரெஸ்டன். ஆமாம், ஐந்து வருஷத்துக்கு முன்னால் செங்கல்பட்டில் யூசுப் கானோடு தோளோடு தோள் நின்ற அதே பிரெஸ்டன்தான்.

சண்டையால் முடியாது என்று தெரிந்ததும் காம்ப்பெல் எல்லா வழிகளையும் அடைத்தார். கோட்டைக்குள் அரிசி தீர்ந்தது. குதிரையும் மாடும் உணவாயின. அரிசியின் அருமையைத் திருச்சியில் கற்றவருக்கு இந்த முடிவு எங்கே போய் நிற்கும் என்று தெரியாமலா இருந்திருக்கும்? உயிருக்கு உத்தரவாதம் கேட்டுப் பேச்சு நடத்திப் பார்த்தார். பயனில்லை.

அக்டோபர் 13-ஆம் தேதி, உள்ளேயிருந்தே வலை விழுந்தது. திவான் சீனிவாச ராவ், வைத்தியர் பாபா சாகிப், மார்ச்சண்ட் ஆகியோர் சேர்ந்து அவரைப் பிடித்துக் கட்டினார்கள். தொழுகையில் இருந்தபோது அவருடைய தலைப்பாகையாலேயே கட்டினார்கள் என்கிறது மக்கள் சொல்லும் கதை. மறுநாள் ஒப்படைத்தார்கள். அதற்கு மறுநாள், அக்டோபர் 15 அன்று, நவாபின் உத்தரவுப்படி தூக்கு. முறையான விசாரணை எதுவும் நடக்கவில்லை. கம்பெனி தடுக்கவும் இல்லை. பத்து வருஷத்துக்கு முன்னால் ஒரு பொய்க் கடிதத்துக்காக முழு விசாரணை நடத்தி அவரைக் காப்பாற்றியதும் இதே கம்பெனிதான்.

தூக்குக் கயிறு இரண்டு முறை அறுந்துபோனது, மூன்றாவது முறைதான் உயிர் பிரிந்தது என்பார்கள். செத்த பிறகும் பயம் விடவில்லை என்பதால், உடலைத் துண்டாக்கிப் பல ஊர்களுக்கு அனுப்பியதாகவும் சொல்வார்கள். மதுரை சம்மட்டிபுரத்தில் அவருடைய உடல் அடங்கிய இடத்தில் தர்கா இருக்கிறது. பெரியகுளத்தில் ஒரு கால் அடக்கம் செய்யப்பட்டதாக நம்பும் இடமும் உண்டு.

வீரரா, துரோகியா?

விடுதலைப் போராட்ட வீரர் என்று ஒரு தரப்பு சொல்கிறது. கம்பெனிக்கு எதிராகக் கொடி ஏற்றி உயிரை விட்டார் என்பது உண்மைதான். கம்பெனியின் அடியாள் என்று இன்னொரு தரப்பு சொல்கிறது. பாளையங்களை ஒடுக்கினார் என்பதும் உண்மைதான். முதல் தரப்பு 1763-லிருந்து ஆரம்பிக்கிறது. இரண்டாம் தரப்பு 1761-ஓடு நிறுத்திவிடுகிறது.

இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் தெரிவது இதுதான். எந்தத் திறமைக்காகப் பதக்கம் கொடுத்தார்களோ, அந்தத் திறமைதான் கடைசியில் குற்றமானது. நாட்டைத் தெரிந்தவர், மக்களைத் தெரிந்தவர், படை நடத்தத் தெரிந்தவர். இப்படி ஒருத்தர் கைக்குள் இருக்கும்வரை சொத்து, கையை மீறினால் ஆபத்து. அவர் கேட்டது சுதந்திர நாடு இல்லை. தான் வென்ற சீமையைத் தானே ஆளும் உரிமை. அதைக்கூட ஒரு இந்தியப் படைத்தலைவனுக்குக் கொடுக்க கம்பெனியும் தயாரா இல்லை, நவாபும் தயாரா இல்லை. ஆங்கிலேயரோடு சேர்ந்து வளரலாம் என்று நம்பியவர்களுக்கு எந்த இடத்தில் கதவு சாத்தப்படும் என்பதை அவருடைய வாழ்க்கை ரொம்ப சீக்கிரமே காட்டிவிட்டது.

திருமுக்கூடலுக்குப் பக்கத்தில், பாலாற்றங்கரையில் இருக்கும் வாலாஜாபாத், நவாப் முகமது அலி வாலாஜாவின் பெயரைத் தாங்கிய ஊர். சென்னையின் வாலாஜா சாலையும் அப்படித்தான். அதே பாலாற்றங்கரையில் நவாபின் பதவிக்காகச் சண்டை போட்ட கான் சாகிப் பெயரில் இந்தப் பக்கம் அப்படி ஒரு ஊரோ சாலையோ இல்லை. மதுரையில் கான்சா மேட்டுத் தெரு இருக்கிறது. தென்மாவட்டங்களில் கான்சாபுரம் இருக்கிறது. கான்சாகிபு சண்டை என்ற கதைப்பாடல் இருக்கிறது. அதைப் பாடியவர்கள் அவரைத் தோற்றவராகப் பார்க்கவில்லை. சம்மட்டிபுரம் தர்காவுக்கு இன்றும் ஆட்கள் வந்துபோகிறார்கள்.